எந்த மாத்திரை கேட்கிறது?

அம்மாவின் மாத்திரைகள் நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்றில் இருக்கும். அண்ணன் முதல் தடவை அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பட்டர் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் ஒரு வாரத்தில் தீர்ந்தது. அப்புறம் பத்து வருடம் அதில் ஊசியும் நூலும் பட்டனும் கிடந்தன. அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டியதும் ஊசி நூல் வெளியே போய் மாத்திரை உள்ளே வந்தது. எழுபத்திரண்டில் டப்பா மூடவில்லை. மூடிமேல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

டப்பாவுக்குள் இருந்த எதற்கும் முழுப்பெயர் கிடையாது. மெடிக்கல் கடையில் பத்து மாத்திரை அட்டையை நாலு நாலாகக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அப்படிக் கத்தரிக்கும்போது பெயரில் பாதி ஒரு துண்டிலும் காலாவதி தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். ஆகவே அம்மா தானாகப் பெயர் வைத்திருந்தாள். ஆரஞ்சு, முட்டிக்கு. வெள்ளை வட்டம், பிரஷருக்கு. மஞ்சள் நிறக் கேப்ஸ்யூல், வாயுவுக்கு. சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீளமாக இருக்கும் குளுக்கோசமைன், ‘குதிரை மாத்திரை’. அதைப் பாதியாக உடைத்து, இரண்டு மடக்குத் தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எக்ஸ்ரேயைப் பார்த்து ‘மூணாவது கிரேடு’ என்றார்கள். நாலுதான் மொத்தம் என்பதால் அம்மா அதைப் பரீட்சை மார்க் போல எடுத்துக்கொண்டு, ‘இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு’ என்று எல்லோரிடமும் சொன்னாள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு பழைய வீடு. தெருவாசலில் நாலு படி, பின்கட்டுக்கு இறங்க மூன்று படி. கோலம் போடக் குனிவதும், பூஜைக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதும்தான் அவளுக்கு நாளின் இரண்டு பெரிய மலைகள். நான் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை போவேன். ஒவ்வொரு முறையும் டப்பாவில் ஏதாவது ஒன்று கூடியிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. வலி மாத்திரையும் வாயு மாத்திரையும் திருநெல்வேலியில் எலும்பு டாக்டர் எழுதியவை. குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் சேர்ந்தது அவரே எழுதியது. அதே சேர்மானத்தில் இன்னொரு பெரிய டப்பா அண்ணன் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்தது. கால்சியமும் டி3-யும் சித்தி மகள் சொல்லி ஆரம்பித்தவை. மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்ஸ்யூல், நான் வாங்கிக் கொடுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சல்லகி மரப்பிசின் மாத்திரை மதினியின் அண்ணன் ஆயுர்வேதக் கடையில் வாங்கிவந்தது. காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் கொலாஜன் பொடி எதிர்வீட்டு மாமி சிபாரிசு. இதற்கெல்லாம் மேலே ராத்திரி வலி அதிகமானால் போட்டுக்கொள்ள, தெருமுனை மெடிக்கலில் ‘ஆச்சி, இதைப் போட்டுட்டுத் தூங்குங்க’ என்று கொடுத்த ஒரு மாத்திரை. இவையெல்லாம் முட்டிக்கு மட்டும். தைராய்டு, பிரஷர் தனிக்கணக்கு.

ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. டப்பாவில் கிடந்தது முக்கால்வாசி பாசம்தான். அம்மா எங்களைப் பார்த்து வலிக்கிறது என்று சொல்லும்போது, பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிட முடியாத ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தோம்.

காலுக்குக் கால்

எங்கள் பெரியம்மா நாமக்கல்லில் வாக்கப்பட்டவள். வரும்போதெல்லாம் கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு கொண்டுவருவாள். பழுப்பு ரோமம் மூடி, பார்க்க அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணிச் செடியின் கிழங்கு அது. மேல்தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்தால் மணமும் ஆட்டுக்கால் சூப் மாதிரிதான் என்பார்கள். நாங்கள் சைவம், ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை. கால் வலிக்குக் கால் மாதிரி இருக்கும் கிழங்கு. எலும்பு ஒட்டுவதற்கு எலும்பைக் கோத்ததுபோல் கணுக்கணுவாக இருக்கும் பிரண்டை. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் யோசித்தேன், குளுக்கோசமைன் டப்பாவில் இருப்பதும் அதே கணக்குதானே. மூட்டில் இருப்பது குருத்தெலும்பு. குருத்தெலும்பைக் கட்ட உடம்பு பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று குளுக்கோசமைன், இன்னொன்று காண்ட்ராய்ட்டின். தேய்ந்துபோன இடத்துக்கு அதே பொருளை வாய்வழியாக அனுப்பினால் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. வயிறு, குடல், ஈரல் எல்லாம் தாண்டி அது முட்டி விலாசத்தைத் தேடிப் போகவேண்டும். அதுவும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது. முடவாட்டுக்காலைப் பார்த்துச் சிரித்த நான், ஆய்வகக் கோட்டுப் போட்ட முடவாட்டுக்காலை மூன்று வருடம் நம்பியிருக்கிறேன்.

போன புரட்டாசியில் ஒருநாள் நியூஜெர்சி டப்பாவின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை அதில் தடித்த எழுத்தில் இருந்தது. யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன். ‘இறால், நண்டு உள்ளது.’

அம்மா அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“என்னட்டி சொன்ன?”

“ஒண்ணுமில்லம்மா. ஓட்டுலேருந்து எடுக்கிற சத்து. இறால் இல்ல, ஓடு மட்டும்.”

“இறால் ஓடா?”

மூன்று வருடம். தினம் இரண்டு வேளை. கிருத்திகை, சஷ்டி, அமாவாசை எதையும் விடாமல். கிருத்திகைக்கு வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில், விரதம் முடித்த கையோடு இறால் ஓட்டை இரண்டாக உடைத்து, திருநீறு பூசிய நெற்றியோடு விழுங்கியிருக்கிறாள். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “தெரியாமத் தின்னதுக்கு முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான். தெரிஞ்சு தின்னாத்தான்” என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்தாள். கொலாஜன் கோழி எலும்பா மாட்டு எலும்பா மீன் தோலா என்று அவளே அடுத்துக் கேட்டுவிட்டாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல், அன்று சாயங்காலம் கொலாஜன் பொடி எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது.

உள்ளூர் குளுக்கோசமைன் அட்டைப்பெட்டியையும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அதில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் கண்ணுக்கு நேராகவே இருந்தது. எங்கள் யார் கண்ணிலும் மூன்று வருடமாகப் படவில்லை. என்னை அதைவிட உறுத்தியது இன்னொரு வரி. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நம் நாட்டில் இப்படிப்பட்ட சத்துச் சேர்மானங்களை மருந்தாகப் பதிவு செய்யாமல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளின்கீழ் உணவு வகையாக விற்கலாம். அப்படி விற்பவர்கள் இந்த வரியைப் போட்டே ஆகவேண்டும். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதுகிறார், மருந்துக்கடையில் விற்கிறார்கள், பெட்டி மட்டும் ‘நான் மருந்து இல்லை’ என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மருந்து இல்லை என்பதால் மருந்துக்கான விலைக்கட்டுப்பாடும் அதைத் தொடுவதில்லை. அம்மாவின் மாத்திரைச் செலவில் பாதிக்குமேல் இந்த ‘மருந்து இல்லாத’ மருந்துகளுக்குத்தான் போனது.

முறத்தில் கொட்டியது

இதெல்லாம் எரிச்சலாக மட்டும் இருந்திருக்கும். அந்த மாதம் அம்மாவுக்குக் கால் வீங்காமல் இருந்திருந்தால்.

கணுக்காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்தது, எழும்ப நேரமானது. அம்மா அதையும் முட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டாள். நான் எங்கள் ஊர் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். எண்பதை நெருங்குகிறவர். இப்போதும் காலையில் இரண்டு மணிநேரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார். போனில் வரச் சொல்லும்போதே, ‘சாப்பிடுறது எல்லாத்தையும் எடுத்துட்டு வரணும். எல்லாத்தையும்னா எல்லாத்தையும்’ என்றிருந்தார். நீல டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

அவர் உள்ளே பார்த்து ஒரு முறம் கொண்டுவரச் சொன்னார். டப்பாவை அதில் கவிழ்த்தார். அரிசியில் கல் பொறுக்குவதுபோல், கத்தரித்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தார். சில துண்டுகளில் இருந்த பாதிப் பெயரை வேறு துண்டின் பாதியோடு சேர்த்துப் படித்தார். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொன்னார். எண்ணினோம். பதினாறு.

“சரிம்மா. இதுல எது கேக்குது?”

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. “எல்லாந்தான் கேக்குது டாக்டரய்யா.”

“எல்லாம் கேட்டா ஏன் இங்க வந்திருக்கீங்க?”

“எல்லாம் சேந்து கேக்குது. அப்பப்பம் கேக்கமாட்டேங்குது.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளை எடுத்து அம்மா உள்ளங்கையில் வைத்தார். ஒன்று எலும்பு டாக்டர் எழுதிய ஆரஞ்சு. இன்னொன்று மெடிக்கல்காரர் ராத்திரிக்குக் கொடுத்தது, நீலம். “இது ரெண்டும் என்ன தெரியுமா? ஒரே மருந்து. அசிக்ளோஃபெனாக். இது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. இதுகூட பாராசிட்டமால் மட்டும். அதுகூட பாராசிட்டமாலும் வீக்கத்துக்குன்னு இன்னொண்ணும்.” ஒரு நாளைக்கு அசிக்ளோஃபெனாக் 200 மில்லிகிராம்தான் அளவு. அம்மா பல நாள் 300 எடுத்திருக்கிறாள். யாரும் அதிகமாக எழுதவில்லை. எழுதியது ஒருவர், கொடுத்தது இன்னொருவர், நிறம் வேறு.

இந்த இடத்தில் நான் வெகுநாள் சிக்கிக்கொண்டிருந்தேன். ‘எது கேக்குது’ என்பது எவ்வளவு சாதாரணமான கேள்வி. மூன்று வருடத்தில் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ‘இன்னும் வலிக்குதா’ என்றுதான் கேட்டோம். அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் ஒன்றைக் கூட்டினோம். இல்லை என்று வந்தால், நல்லாத்தானே இருக்கு, எதையும் மாற்றவேண்டாம் என்று விட்டுவிட்டோம். இரண்டு பதிலில் எது வந்தாலும் டப்பாவிலிருந்து ஒன்றும் வெளியே போக வழியில்லை. முட்டித் தேய்மான வலி ஏறி இறங்கும் வலி. தானாகவே ஒரு வாரம் முறுக்கும், ஒரு வாரம் விடும். முறுக்கும்போது புது மாத்திரை வாங்குகிறோம். அது எப்படியும் இறங்கும். மாத்திரைக்குப் பேர் கிடைக்கிறது. அப்படிப் பேர் வாங்கிய மாத்திரைகள்தான் அந்த முறம் முழுக்க.

மூன்று மடை

ரத்தப் பரிசோதனை மறுநாள் வந்தது. கிரியாட்டினின் 1.8. சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் கூடும் கழிவு அது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டில் 0.9 இருந்தது.

பெரிய டாக்டர் அம்மாவுக்கு விளக்கிய விதத்தை அப்படியே எழுத ஆசை. கன்னடியன் கால்வாய்க்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. “சிறுநீரகத்தை ஒரு வயல்னு வச்சுக்கோங்க. தண்ணி உள்ள வர ஒரு மடை, வெளிய போக ஒரு மடை. வயல்ல தண்ணி ஒரு மட்டத்துக்கு நின்னாத்தான் வேலை நடக்கும். வலி மாத்திரை என்ன செய்யும்னா, உள்ள வர்ற மடையைச் சுருக்கிரும். உங்க பிரஷர் மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு, வெளிய போற மடையை அகலத் திறந்துவிட்டுரும். ரெண்டாவது, நீர் மாத்திரை. அது வாய்க்கால்லயே தண்ணியைக் குறைச்சுரும். தனித்தனியா ஒவ்வொண்ணையும் வயல் தாங்கும். மூணும் சேந்தா?”

“வயல் காஞ்சுரும்” என்றாள் அம்மா.

டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த அந்தப் பிரஷர் மாத்திரை தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் வீட்டில் இருக்கும் என்று தெரியவில்லை. முட்டி வலி மாத்திரை அதைவிட அதிக வீட்டில் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் இல்லை. பிரஷருக்குப் பார்க்கிறவர் ஒருவர், முட்டிக்குப் பார்க்கிறவர் வேறொருவர். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நீல டப்பா மட்டும்.

அன்று ராத்திரி எனக்குப் பாறு கழுகுகள் ஞாபகம் வந்தன. 1990-களில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் 2004இல்தான் தெரிந்தது. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குப் போய், அதன் சிறுநீரகத்தை நிறுத்திவிட்டது. 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் என்பதால் 2023இல் அதற்கும் தடை வந்தது. மனிதன் கழுகு இல்லை, ஒரு வேளை மருந்தில் ஒன்றும் ஆகிவிடாது, தெரியும். ஆனாலும் மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளைக் காப்பாற்ற இரண்டு தடை போட்ட ஊரில், என் அம்மாவுக்கு அதே மருந்தைத் தெருமுனையில் சீட்டு இல்லாமல் கத்தரித்துக் கொடுத்தார்கள் என்பது தூங்கவிடவில்லை.

நமக்குக் கூட்டு மருந்தின்மேல் தனி மோகம். 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரே அடியாகத் தடை செய்தது. அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், வாயு மருந்தான ராபிப்ரசோல் மூன்றையும் ஒன்றாக அடைத்த மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் 328-க்கு மறுபடி தடை வந்தது. சேர்ப்பதற்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் இருந்திருக்கிறது. எடுப்பதற்கு இத்தனை வருடமும் இத்தனை வழக்கும்.

நூறு ரூபாய்ச் சீட்டு

பெரிய டாக்டர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. இருந்த பழைய சீட்டிலேயே கோடு போட்டார். இரண்டு அசிக்ளோஃபெனாக்கும் அன்றே நின்றன. பிரஷர் மாத்திரை மாறியது. கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நடுவில் நாலு மணிநேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு குறைபாடு கூடிக்கொண்டே போகிறதே என்று இரண்டு முறை மருந்தை ஏற்றியிருந்தார்கள்.

வலிக்கு, தேவைப்பட்டால் பாராசிட்டமால். அதோடு முட்டிமேல் தடவ டைக்ளோஃபெனாக் ஜெல். அதே கழுகு மருந்துதான். ஆனால் தோல்வழியாகப் போனால், மாத்திரையில் ரத்தத்துக்குப் போவதில் ஆறு சதவீதம் அளவுதான் போகும். கிரியாட்டினின் இறங்கிய பிறகு ஆரம்பிக்கச் சொன்னார். அப்புறம் ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, காலை நீட்டி, துண்டைக் கீழ்நோக்கி அமுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிக்கவேண்டும். இரண்டு காலுக்கும், இரண்டு வேளை. தொடைத் தசை வலுத்தால் முட்டி இளைப்பாறும் என்றார். எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ சுமை குறையும் என்றும் சொன்னார்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா சொன்னது, “நூறு ரூபா வாங்கிட்டாரு. ஒரு மாத்திரகூட எழுதல.”

மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானது. அம்மா தினமும் வலியைக் குறித்துவைக்கவேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் என்றேன். அவளுக்கு அது ஒட்டவில்லை. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கில், அணாவில் சொன்னாள். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் ‘எட்டணா’, ‘பத்தணா’, ‘மழை. முக்கால் ரூபா’ என்று எழுதிக் கம்பியில் குத்திவைத்தாள். முழு ஒரு ரூபாய் வலி என்று அப்போது ஒரு நாளும் எழுதவில்லை. கேட்டதற்கு, “அது பிரசவ வலிட்டி” என்றாள்.

முதல் பத்து நாள் மோசம். அசிக்ளோஃபெனாக் போன இடம் நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டணாவிலேயே நின்றது. அந்த மருந்து கேட்டிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சிறுநீரகத்தை விலையாக வாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறது. மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியது. கால் வீக்கம் வடிந்தது. ஜெல்லும் துண்டும் ஆரம்பித்து ஒரு மாதத்தில் எட்டணா, ஒன்பதணா என்று வந்து நின்றது. துண்டை அமுக்கும்போது ஒன்று இரண்டு எண்ணாமல் ‘முருகா’ பத்துத் தடவை சொல்கிறாள்.

குளுக்கோசமைன்? அதைத்தான் முருகன் முன்னாடியே நிறுத்திவிட்டானே. அந்த வாரத் தாள்களை எடுத்துப் பார்க்க முடியாது, அப்போது குறிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சல்லகியை நிறுத்தியபோது ஒன்றும் மாறவில்லை. மஞ்சள் சத்துக் கேப்ஸ்யூலை நிறுத்தியபோதும் மாறவில்லை. இதை எழுதக் கொஞ்சம் வலிக்கிறது, நான் வாங்கிக் கொடுத்ததாயிற்றே. அதை வாங்கும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. மிளகு சேர்ந்தால் மஞ்சள் சத்து உடம்பில் பல மடங்கு சேரும் என்று 1998இலேயே பெங்களூரில் கண்டுபிடித்திருக்கிறார்கள், நம் ரசத்திலும் பொங்கலிலும் இருக்கும் அறிவு என்றெல்லாம் அம்மாவுக்கு வகுப்பு எடுத்தேன். குடலும் ஈரலும் ஒரு பொருளை வடிகட்டி வெளியே தள்ளும் வேலையை மிளகுச் சத்து மந்தப்படுத்துகிறது. மஞ்சளுக்கு மட்டும் அல்லாமல் வேறு சில மருந்துகளுக்கும் அதையே செய்யும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. 2019இல் இத்தாலியில் மஞ்சள் சத்துக் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்கள் சிலருக்கு ஈரல் வீங்கிய செய்தியும் பிறகுதான் கண்ணில் பட்டது. ரசத்தில் போடும் சிட்டிகை ஒன்று, கேப்ஸ்யூலில் அடைக்கும் செறிவு வேறு.

அறுபது பேர்

ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த பெரிய சோதனை 2006இல் வெளியானது. முட்டித் தேய்மானம் உள்ள 1583 பேர், ஐந்து கூட்டம், 24 வாரம். குளுக்கோசமைன் மட்டும், காண்ட்ராய்ட்டின் மட்டும், இரண்டும் சேர்த்து, செலகாக்ஸிப் என்ற வலி மருந்து, கடைசியாக ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை. வலி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கேட்டது என்று கணக்கு, அம்மா கணக்கில் பத்தணா எட்டணா ஆவது. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 67 பேருக்குக் கேட்டது. வலி மருந்துக்கு 70. வெற்று மாத்திரைக்கு 60.

நான் இந்த அறுபதைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மருந்தே இல்லாத மாத்திரை அறுபது பேருக்குக் கேட்டிருக்கிறது. வலி கடுமையாக இருந்த சிறு கூட்டத்தில் மட்டும் சேர்மானத்துக்கு 79, வெற்று மாத்திரைக்கு 54 என்று வந்தது. விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2016இல் ஐரோப்பாவில் 606 பேரிடம், சேர்மானமும் செலகாக்ஸிப்பும் சமமாக, இரண்டுமே வலியைப் பாதியாகக் குறைத்தன என்று ஒரு சோதனை வந்தது. அதில் வெற்று மாத்திரைக் கூட்டமே கிடையாது. செலவு செய்தது காண்ட்ராய்ட்டின் தயாரிக்கும் கம்பெனி. அடுத்த வருடமே ஸ்பெயினில் 164 பேரிடம் வெற்று மாத்திரையோடு வைத்துப் பார்த்தார்கள். சேர்மானம் 19 சதவீதம் குறைத்தது, வெற்று மாத்திரை 33. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2019இல் அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் சங்கம், முட்டிக்கு இரண்டுமே வேண்டாம் என்று அழுத்தமாக எழுதிவிட்டது.

படித்து முடித்ததும் அண்ணனுக்கு எல்லாவற்றையும் அனுப்பவேண்டும் என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் பாதி தட்டச்சும் செய்துவிட்டேன். அப்புறம் அழித்தேன். அவன் ஒவ்வொரு முறை வரும்போதும், இருபத்துமூன்று கிலோ கணக்குப் பார்த்துப் பெட்டி கட்டும்போது, பிள்ளைகளின் சாமானைக் குறைத்து அந்தக் கனத்த டப்பாவுக்கு இடம் பண்ணிக்கொண்டு வருகிறவன். அவன் வந்து போன ஒரு மாதத்துக்கு அம்மாவுக்கு வலி குறைவாகத்தான் இருக்கும், எனக்கே தெரியும். அந்த அறுபது பேரில் அம்மாவும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதை வைத்து ஏமாந்தாய் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நீல டப்பா ரப்பர் பேண்ட் இல்லாமல் மூடுகிறது. உள்ளே தைராய்டு, பிரஷர், பாராசிட்டமால், மத்தியானத்துக்குக் கால்சியம். காலண்டர் தாள் குத்தும் கம்பி நிறைந்துவிட்டது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், நடுவில் இரண்டு தாளில் ‘நாலணா’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘ஒண்ணே கால் ரூபா’. என்ன இது என்றேன். அன்றைக்குக் கல்யாண வீட்டில் ரெண்டு மணிநேரம் தரையில் உட்கார்ந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தான். நான் அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நடந்து காட்டினாள், பின்கட்டுப் படி இறங்கிக் காட்டினாள்.

“எப்படி நடக்க பாரு! மாத்திரை கேக்குதுல்லாம்மா?”

“கேக்குதுய்யா.”

“தீந்துருச்சா? டிசம்பர்ல வரும்போது கொண்டு வாரேன்.”

“இன்னும் கெடக்குய்யா. இப்பம் அவசரமில்ல.”

நியூஜெர்சி டப்பா அடுப்புக்கு மேல் தட்டில்தான் இருந்தது. மாத்திரைகள் புரட்டாசியிலேயே பின்கட்டுத் தென்னைக்கு உரமாகப் போய்விட்டன. டப்பாவை வெந்நீரில் மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, இறால் தோஷம் போகத் திருநீறு தடவி வைத்திருந்தாள். நான் அதை எட்டி எடுத்து, வெந்தயம் கொஞ்சம் எண்ணெயில் போட்டேன்.